பார்க்க முடியாத குருவுக்கு ஒரு படம்: முகலாயச் சிற்றோவியங்களில் சூஃபி ஞானிகள்

கேட்கப்பட்டவை மூன்று. இஸ்லாத்தில் உருவம் வரைவது கூடாது என்கிறார்களே, பிறகு முகலாயச் சிற்றோவியங்களில் சூஃபி ஞானிகளின் படங்கள் இத்தனை எப்படி வந்தன? படத்தில் தெரிவது அந்த ஞானியின் உண்மையான முகம்தானா? அவற்றை யாருக்காக, எதற்காக வரைந்தார்கள்?

மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். எதற்காக வரைந்தார்கள் என்பது தெரிந்தால் மற்ற இரண்டின் முடிச்சும் பாதி அவிழ்ந்துவிடும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தப் படங்களில் பெரும்பகுதி ஞானியைப் பற்றியவை அல்ல, அரசனைப் பற்றியவை. மீதியுள்ள சிறு பகுதியில்தான் ஞானி இருக்கிறார். இரண்டும் ஒரே கூடத்தில், ஒரே தூரிகையால் வரையப்பட்டவை என்பதால் நாம் குழப்பிக்கொள்கிறோம்.

முதல் வகைக்கு மிகப் புகழ்பெற்ற சான்று, பிசித்ர் என்ற ஓவியர் ஏறக்குறைய 1615-க்கும் 1618-க்கும் இடையில் முகலாயப் பேரரசர் ஜஹாங்கீருக்காக வரைந்த படம். இப்போது அமெரிக்காவின் வாஷிங்டனில், ஃப்ரீர் கலைக்கூடத்தில் இருக்கிறது. (பிசித்ர் என்பது நம் 'விசித்திர' என்ற சொல்லின் வடநாட்டு உச்சரிப்பு. பெயரை வைத்து அவர் இந்து என்றே கருதுகிறார்கள். பசாவன், கோவர்தன் என்று முஸ்லிம் ஞானிகளை வரைந்த முன்னணிக் கைகள் பல இந்துக்களுடையவை.) ஒரு பெரிய மணற்கடிகாரமே சிம்மாசனம். அதன்மேல் ஜஹாங்கீர். அவர் தலைக்குப் பின்னால் சூரியனும் பிறையும் சேர்ந்த பிரம்மாண்டமான ஒளிவட்டம். இடப்பக்கம் மேலிருந்து கீழாக நான்கு பேர். மேலே வெள்ளைத் தாடியுடன் ஒரு ஷெய்கு, அதாவது சூஃபி குரு. அஜ்மீர் தர்காவின் பொறுப்பில் இருந்த ஷெய்கு ஹுசைன் என்று அவரை அடையாளம் காண்கிறார்கள். அவருக்குக் கீழே உஸ்மானிய சுல்தான் ஒருவர், கைகுவித்து நிற்கிறார். அதற்கும் கீழே இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ். கடைசியில், மூலையில், மஞ்சள் அங்கியில் கையில் ஒரு சிறு படத்தைப் பிடித்தபடி ஓவியர்.

ஜஹாங்கீர் ஒரு நூலை ஷெய்குவிடம் நீட்டுகிறார். ஷெய்கு அதை வெறுங்கையால் வாங்கவில்லை. தன் மேல்துண்டை விரித்து அதில் ஏந்திக்கொள்கிறார். படத்தைச் சுற்றியுள்ள பாரசீக வரிகளின் சாரம் இதுதான்: வெளிப்பார்வைக்கு அரசர்கள் அவர்முன் நிற்கிறார்கள், அவர் பார்வையோ பக்கிரிகள்மேல் நிலைத்திருக்கிறது.

படிக்கும்போது அரசனின் பணிவு என்று தோன்றும். சற்று நிதானமாகப் பாருங்கள். ஜேம்ஸின் முகம் ஆங்கிலேய ஓவியம் ஒன்றிலிருந்து பார்த்து எழுதப்பட்டது. தாமஸ் ரோ என்ற தூதர் 1616 தொடக்கத்தில் அஜ்மீரில் ஜஹாங்கீரின் அரசவைக்கு வந்து சேர்ந்திருந்த காலம் அது. அத்தனை தூரத்தில் இருந்த மன்னனை இழுத்துவந்து வரிசையில் நிறுத்தி, அவனைத் தாண்டி ஒரு பக்கிரியைப் பார்க்கிறேன் என்று சொல்வது பணிவா? சக மன்னர்களுக்கு விட்ட சவால் அது. ஷெய்கு அந்தச் சவாலின் கருவி. சிம்மாசனத்தின் அடியில் இரு குட்டித் தேவதைகள், அரசன் ஆயிரம் ஆண்டு வாழ்க என்று கடிகாரக் கண்ணாடியில் எழுதிக்கொண்டிருக்கின்றன. உள்ளே மணலோ கீழே இறங்கிவிட்டது. அந்த முரணைப் பிசித்ர் தெரிந்தே வைத்தாரா என்று அறிஞர்கள் வாதாடுவார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது அவர் கையெழுத்துப் போட்ட இடம். அரசன் காலை வைத்து ஏறும் முக்காலியில் தன் பெயரை எழுதியிருக்கிறார்.

இதற்காக ஜஹாங்கீரின் பக்தியைப் போலி என்று தள்ளிவிட வேண்டாம். அவர் பிறப்பே ஒரு சூஃபியின் ஆசியோடு சேர்த்துச் சொல்லப்படுவது. பிள்ளையில்லாத அக்பர் சிக்ரியில் ஷெய்கு சலீம் சிஷ்தியிடம் போனார். 1569-இல் பிறந்த மகனுக்கு அந்தப் பெயரையே வைத்தார். சலீம்தான் பிறகு ஜஹாங்கீர் ஆனார். 1614-இல் அஜ்மீரில் நோயிலிருந்து எழுந்ததும், அங்கே அடக்கமான ஞானி க்வாஜா முயீனுத்தீன் சிஷ்தியின் அடிமை என்பதற்கு அடையாளமாக இரு காதுகளையும் குத்தி முத்து அணிந்துகொண்டார். அரசவையினரும் வரிசையில் நின்று காது குத்திக்கொண்டார்கள். அதற்குப் பிந்தைய ஜஹாங்கீர் படங்களில் காதில் முத்து இருக்கும். தேதியில்லாத படத்துக்குத் தேதி கணிப்பவர்களுக்கு அது நல்ல துப்பு.

ஆனால் அதே அரசர்தான் 1619-இல் நக்‌ஷபந்தி சூஃபி மரபின் ஷெய்கு அஹ்மத் சிர்ஹிந்தியைக் குவாலியர் கோட்டையில் சிறை வைத்தார். அந்தக் காலத்தையொட்டியே லாகூர் ஞானி மியான் மீரைச் சந்தித்து மெய்ம்மறந்து, உலகப் பொருள் எதையும் இவரிடம் நீட்ட முடியாது என்று உணர்ந்து, தொழுகைக்கு விரித்துக்கொள்ள ஒரு வெள்ளை மான்தோலை மட்டும் கொடுத்தார். தன் நாட்குறிப்பில் அவரே எழுதியிருக்கிறார். எந்த ஞானி எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்பதை அரசன்தான் முடிவு செய்தான். ஓவியக்கூடமும் அவன் வீட்டில்தான் இருந்தது.

அஜ்மீர் க்வாஜாவையே பிசித்ர் வரைந்த படம் ஒன்று டப்ளின் நகரின் செஸ்டர் பீட்டி நூலகத்தில் இருக்கிறது. வெண்ணிற உடையில் முதியவர்; கையில் உலக உருண்டை; இரு உலகங்களின் வெற்றிக்கும் உரிய சாவி உன் கையில் ஒப்படைக்கப்பட்டது என்று வாசகம். உருண்டை அடுத்து யார் கைக்குப் போகும் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. க்வாஜா இறந்தது 1236-இல். படத்துக்கும் அவருக்கும் இடையில் ஏறத்தாழ நானூறு ஆண்டுகள்.

இனி இரண்டாவது வகை. இதற்கு ஒரு பெண்ணிடம் போக வேண்டும்.

ஜஹாங்கீரின் மகன் ஷாஜஹானின் மகள் ஜஹானாரா 1614-இல் பிறந்தவர். அவருடைய தம்பி தாரா ஷிகோ அடுத்த ஆண்டு அஜ்மீரில் பிறந்தார். ஆண் குழந்தை வேண்டி அந்தத் தர்காவில் தந்தை நேர்ந்துகொண்டு பிறந்த பிள்ளை. இருவருக்கும் சூஃபி நெறியில் தீராத ஈடுபாடு. 1634-இல் ஷாஜஹான் லாகூரில் மியான் மீரைக் காணச் சென்றபோது தாராவும் உடன் சென்றார். காதிரிய்யா என்ற தரீக்காவை, அதாவது சூஃபி குருமரபைச் சேர்ந்த மியான் மீர் அப்போது தள்ளாத முதியவர். மறு ஆண்டே மறைந்தார். அந்தச் சந்திப்பைப் பற்றி தாரா பின்னால் எழுதியது மறக்க முடியாதது. மியான் மீர் கிராம்பை மென்று துப்பிக்கொண்டே பேசினார். மற்றவர்கள் முகம் சுளித்தபோது, இளவரசர் அந்தச் சக்கையைப் பொறுக்கி எடுத்துத் தின்றார். குரு தொட்டதெல்லாம் பரக்கத்து, அதாவது அருள், என்ற நம்பிக்கையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

மியான் மீருக்குப் பின் அவருடைய சீடர் முல்லா ஷா பதக்‌ஷி காஷ்மீரில் ஞானியாக விளங்கினார். தாரா அவரிடம் முரீதானார், அதாவது சீடரானார். ஜஹானாராவும் அவரிடமே தீட்சை பெற்றார். சிக்கல் இங்கேதான். அரண்மனைப் பெண், பர்தாவுக்குள் இருப்பவர். தம்பியைப்போலக் குருவின் காலடியில் உட்கார முடியாது. கடிதங்கள் போயின, வந்தன. இடையில் தம்பி தூதாக இருந்தார். தம்பியின் ஓவியர்களில் ஒருவர் முல்லா ஷாவின் உருவத்தை வரைந்து கொடுத்தார். அந்தப் படத்தைத் தாம் அடிக்கடி தூய நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டிருந்ததாக, 1641 வாக்கில் எழுதிய 'சாஹிபிய்யா' என்ற சிறு நூலில் ஜஹானாராவே குறிப்பிடுகிறார்.

சூஃபி சாதனையில் 'தஸவ்வுரே ஷெய்கு' என்று ஒன்று உண்டு. தனிமையில் கண்மூடி அமர்ந்து, குருவின் உருவத்தை மனத்தில் நிறுத்துவது. குருவில் தொடங்கி நபியின்மீது கவனம் சென்று, கடைசியில் உருவமற்ற இறையில் கரைய வேண்டும் என்பது அதன் படிநிலை. நேரில் பார்த்த முகத்தை மனத்தில் நிறுத்துவது எளிது. பார்க்காத, அல்லது பார்க்க முடியாத முகத்தை எப்படி நிறுத்துவது? அரை முழத்துக்கும் குறைவான அந்தத் தாளின் வேலை அதுதான். சுவரில் மாட்டுவதற்கோ, வந்தவர்களுக்குக் காட்டுவதற்கோ அல்ல. ஒருத்தி தனியாக, மடியில் வைத்து, பிறகு கண்ணை மூடிக்கொள்வதற்காக.

பிசித்ரின் படத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் நினைத்துப் பாருங்கள். ஒன்றில் ஞானியை உலகம் பார்க்க வேண்டும், அரசனுக்குப் பக்கத்தில். மற்றதில் ஒரே ஒரு ஜோடிக் கண்கள் பார்த்தால் போதும்.

இப்போது தடை பற்றிய கேள்வி. குர்ஆனில் ஓவியத்தைத் தடுக்கும் நேரடி வசனம் இல்லை. சிலை வணக்கத்துக்குத்தான் கடுமையான கண்டனம். உயிருள்ளவற்றின் உருவத்தைச் செய்கிறவர்களை மறுமையில் உயிர் ஊட்டச் சொல்லித் தண்டிப்பார்கள் என்ற கருத்தில் ஹதீஸ்கள் (நபிமொழிகள்) உண்டு. மார்க்க அறிஞர்களின் எதிர்ப்புக்கு வலு தருபவை அவை. ஆகவே பள்ளிவாசலில், குர்ஆன் பிரதியில் மனித உருவம் வராது. ஆனால் பாரசீகப் பண்பாட்டு அரசவைகளில் கதை நூல், வரலாற்று நூல், ஓவியத் தொகுப்பு ஆகியவற்றுக்குள் உருவம் தாராளமாக வாழ்ந்தது. ஹெராத்தில் பிஹ்ஸாத் என்ற ஓவியர் 15-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆடும் தர்வேஷ்களை, அதாவது சூஃபித் துறவிகளை, வரைந்தார். 1600-களின் தொடக்கத்தில் இஸ்ஃபஹானில் ரிஸா அப்பாஸி, எழுத்தாணி ஓடுவதுபோன்ற ஒற்றை மைக்கோட்டில் தர்வேஷ்களைத் தனித் தாள்களில் எழுதிக் குவித்தார். முகலாயர்களின் முன்னோடிகள் இவர்கள். வேறுபாடு ஒன்றுதான்: பாரசீகத் தர்வேஷ் பெரும்பாலும் ஒரு வகைமாதிரி, முகலாயத் தர்வேஷ் ஓர் ஆள்.

அக்பர் தடைக்குச் சொன்ன பதிலை அவருடைய அரசவை வரலாற்றாசிரியர் அபுல் ஃபஸல் பதிந்திருக்கிறார். ஓவியத்தை வெறுப்பவர்களைத் தமக்குப் பிடிக்காது என்றார் அக்பர். உறுப்பு உறுப்பாக வரைந்த பிறகும் தன்னால் அதற்கு உயிர் கொடுக்க முடியாது என்று உணரும்போது, உயிர் கொடுப்பவனை நினைத்தே தீரவேண்டிய நிலை ஓவியனுக்குத்தானே வருகிறது என்பது அவர் வாதம். எந்த ஹதீஸைக் காட்டித் தடுத்தார்களோ அதே கருத்தைத் திருப்பிப்போட்டுவிட்டார். வாதம் மார்க்க அறிஞர்களை அசைத்ததா என்பது வேறு. ஓவியக்கூடம் அசையவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. படங்கள் வாழ்ந்த இடம் சுவரல்ல, 'முரக்கா' எனப்படும் தொகுப்பேடு. ஒரு பக்கத்தில் படம், மறுபக்கத்தில் அழகெழுத்து, சுற்றிலும் பொன்னில் பூவேலை செய்த ஓரம். வெவ்வேறு இடத்து, வெவ்வேறு காலத்துத் தாள்களை ஒட்டிச் சேர்த்ததால் 'ஒட்டுப்போட்டது' என்று பொருள்படும் பெயர். சூஃபி பக்கிரிகள் அணியும் ஒட்டுத்துணி அங்கிக்கும் அதே பெயர்தான்: முரக்கா. அரசனின் விலையுயர்ந்த ஏட்டுக்கும் ஏழையின் கிழிந்த அங்கிக்கும் ஒரே சொல். தாரா தன் மனைவி நாதிரா பானு பேகத்துக்குப் பரிசளித்த தொகுப்பேடு லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. 1640-களின் கையெழுத்துக் குறிப்பு அதில் உண்டு. பறவை, பூ, இளவரசர்கள், அழகிகள், அவர்களுக்கு நடுவில் பக்கிரிகள். இரண்டு பக்கங்களைத் திறந்தால் எதிரெதிரே இருக்கும் உருவங்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும்.

முகம் உண்மையா என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் இல்லை. ஓவியர் வாழ்ந்த காலத்தில் வாழ்ந்த ஞானி என்றால் வாய்ப்பு உண்டு. அக்பர் தாமே அமர்ந்து தம் உருவத்தை எழுதச் செய்தார். பிரபுக்கள் அனைவரையும் எழுதவைத்துப் பெரிய தொகுப்பு ஒன்று உருவாக்கினார். மறைந்தவர்களுக்கு மறுவாழ்வு, இருப்பவர்களுக்கு நிலைவாழ்வு என்று அபுல் ஃபஸல் அதைப் புகழ்கிறார். அப்போதே ஒரு கூட்டுப் படத்தில் ஒருவர் அமைப்பைக் கீறுவார், ஒருவர் வண்ணம் தீட்டுவார், முகத்தை மட்டும் எழுத இன்னொருவர் வருவார். 'சிஹ்ரா நாமி' என்று அந்த முகவேலையைத் தனியாகக் குறித்தே வைத்திருக்கிறார்கள். ஒரே படத்தில் பல முகங்களைப் பலர் எழுதியிருந்தாலும் எது யார் கை என்று சொல்லிவிடுவேன் என்பது ஜஹாங்கீரின் பெருமை. தாமஸ் ரோ கொண்டுவந்த ஒரு சிற்றோவியத்தை அவருடைய ஓவியர்கள் பல பிரதி எடுத்து, இரவில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் வரிசையாக வைத்து, உன்னுடையது எது என்று கேட்டார்கள். தூதர் திணறிப்போனதை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

அந்தத் திறமையே நமக்கு எதிரியும்கூட. 'சர்பா' என்று ஒரு முறை: மெல்லிய மான்தோலை மூலப்படத்தின்மேல் வைத்துக் கோட்டை எடுத்து, கோட்டின்மேல் ஊசியால் துளையிட்டு, புதிய தாளின்மேல் வைத்துக் கரித்தூளைத் தட்டுவார்கள். நம் வீடுகளில் துளைபோட்ட கோல அச்சில் மாவைத் தட்டுவதுபோல. தூளை ஊதிவிட்டுப் புள்ளிகளைச் சேர்த்தால் அதே உருவம். மியான் மீரை யாரோ ஒருவர் ஒருமுறை நேரில் பார்த்து எழுதியிருக்கலாம். அதன்பின் நூறு ஆண்டுகளுக்கு மியான் மீர் என்று வந்தவை அந்த முதல் முகத்தின் பேரப்பிள்ளைகள். ஒவ்வொரு தலைமுறையிலும் மூக்கு கொஞ்சம் நீளும், முதுகு கொஞ்சம் கூடுதலாக வளையும்.

ஆயினும் சில முகங்கள் நம்பவைக்கின்றன. வாஷிங்டனிலேயே, சாக்லர் தொகுப்பில், 1635 வாக்கில் வரையப்பட்ட ஒரு படம்: தாரா, மியான் மீர், முல்லா ஷா மூவரும் சேர்ந்திருக்கிறார்கள். மூத்தவருடைய தாடி வெள்ளை, தோள்கள் உள்வாங்கியவை. சீடர் வயதில் இளையவர், உடலில் இன்னும் இறுக்கம் இருக்கிறது. அரசகுமாரனின் உடையில் மட்டும்தான் முத்தும் பொன்னும். யாரும் யாரையும் மிஞ்சவில்லை. சிம்மாசனம் இல்லை, தேவதைகள் இல்லை. ஜஹாங்கீரின் படத்தில் ஷெய்கு அரசனை நோக்கி வந்தார். இங்கே இளவரசர் ஞானியிடம் போயிருக்கிறார். இருபது ஆண்டு இடைவெளியில் படத்துக்குள் நடந்த இடமாற்றம் அது.

ஞானியின் முகத்தை எழுதும் விதத்திலேயே ஒரு தனிப் பக்குவம் உண்டு. பல தாள்களைப் பசையிட்டு ஒட்டிய 'வஸ்லி' அட்டை, பளிங்குபோல வழவழப்பாகத் தேய்க்கப்பட்டது. அணில் வால் முடியில் கட்டிய தூரிகை; நுனியில் ஓரிரு முடிகளே வேலை செய்யும். பிரபுவை எழுதும்போது வண்ணம் கனமாக, உடையில் பொன்பொடி. பக்கிரியை எழுதும்போது பல சமயம் 'நீம் கலம்' என்ற முறையைக் கையாள்வார்கள். பாதிக் கலம் என்று பொருள். தாளின் வெற்று நிறத்தை அப்படியே விட்டுவிட்டு, மைக்கோடும் மெல்லிய சாயமும் மட்டும். உடல் ஏறக்குறைய வெற்றுத் தாள். முகத்துக்கு வந்தால்தான் கை நின்று வேலை செய்கிறது: கண்ணின் கீழ் தொங்கும் தோல், கன்னக்குழி, தாடியில் ஒவ்வொரு முடியும் தனித்தனிக் கோடு, ஓரத்தில் மட்டும் காற்றில் கரைவதுபோலக் கோடுகள் மெலிந்து நின்றுவிடும். உலகத்தைத் துறந்தவனுக்கு வண்ணத்தையும் துறந்துவிட்டார்கள் என்று சொல்லலாம். இது என் வாசிப்பு. கூடத்தில் நேரம் மிச்சப்படுத்தவும் இதே முறையைத்தான் பயன்படுத்தினார்கள்.

இந்த வகையில் கோவர்தனுக்கு நிகர் இல்லை என்பேன். அக்பர் முதல் ஷாஜஹான் வரை மூன்று ஆட்சிகளில் வேலை செய்தவர். அவர் எழுதிய துறவிகள் அழகானவர்கள் அல்லர். விலா எலும்பு தெரியும், நகம் வளர்ந்திருக்கும், தோலில் சாம்பல் படிந்திருக்கும். ஐரோப்பியச் செப்புத்தகட்டு அச்சுப்படங்களில் நிழலைக் கற்றுக்கொண்டு, அதை ஒரு பட்டினிக்காரனின் தோளில் இறக்கியிருக்கிறார். பரிதாபமும் இல்லை, போற்றுதலும் இல்லை.

யார் எந்த வகை ஞானி என்று கண்டுபிடிக்கச் சில பிடிமானங்கள். முகம், மீசை, புருவம் எல்லாம் மழித்து, இரும்பு வளையங்களோடு, தோலாடை போர்த்தியிருந்தால் அவர் கலந்தர். தொழுகை ஒழுங்குக்குள் அடங்காத நாடோடி. தலைப்பாகையும் தஸ்பீஹ் என்ற ஜெபமாலையும் நூலுமாக அமைதியாக அமர்ந்திருந்தால் தரீக்காவின் ஷெய்கு. கஷ்கோல் என்ற பிச்சைப் பாத்திரம், தியானத்தில் கையைத் தாங்கிக்கொள்ளும் கவைக்கோல், விரிப்பாக மான்தோல் ஆகியவை இருவரிடமும் இருக்கலாம். யோகிகளிடமும் இருக்கலாம் என்பதுதான் இந்தியாவில் வரும் வேடிக்கை. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் 1650-களின் முற்பாதியைச் சேர்ந்த ஒரு படத்தில், அஜ்மீர் தர்காவில் சூஃபிகள் பரவசத்தில் ஆடுகிறார்கள். கீழ் வரிசையில் கபீர், ரவிதாஸ், நாமதேவர், கோரக்நாதர் ஆகியோர் உட்கார்ந்திருக்கிறார்கள். வெவ்வேறு நூற்றாண்டுக்காரர்கள், ஒரே முற்றத்தில். உபநிடதங்களைப் பாரசீகத்தில் பெயர்த்து 1657-இல் முடித்த தாராவின் காலத்துக்கு இதைவிடப் பொருத்தமான படம் கிடையாது. அவர்களைக் கீழ் வரிசையில்தான் வைத்தார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

1659-இல் தாரா கொல்லப்பட்டார். முல்லா ஷாவை, தாராவைத் தோற்கடித்து அரியணை ஏறிய தம்பி ஔரங்கசீப் காஷ்மீரிலிருந்து லாகூருக்கு வரச்செய்தார்; அவர் 1661-இல் அங்கே மறைந்தார். அதன்பின் அரசவையின் ஆதரவு வற்றியது, படங்கள் வற்றவில்லை. 18-ஆம் நூற்றாண்டில் தில்லி, அவத் ஓவியர்களுக்கு ஞானி ஒரு நல்ல விற்பனைப் பொருள்: இருட்டு, விளக்கு, குடிசை வாசலில் பக்கிரி, பார்க்க வந்த அழகான பெண்கள். பத்துப் பார்த்தால் பதினொன்றாவதைப் பார்க்க வேண்டியதில்லை. அதே காலத்தில் ஞானிகளின் 'கூட்டம்' ஒன்றும் பரவியது. நம்மூரில் முஹ்யித்தீன் ஆண்டவர் என்று போற்றப்படும் அப்துல் காதிர் ஜீலானி நடுவில், க்வாஜா முயீனுத்தீன், பாபா ஃபரீத் போன்றோர் சுற்றிலும். பாக்தாதில் 1166-இல் மறைந்தவரும் பஞ்சாபில் பின்னால் வாழ்ந்தவரும் ஒரே விரிப்பில். முக ஒற்றுமையைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. சில்சிலா எனப்படும் குருவழியை ஒரே பார்வையில் காட்டுவதே நோக்கம். பிறகு கல்லச்சு வந்தபோது கடைவீதிப் படங்களுக்கு இந்த அமைப்புதான் கைகொடுத்தது.

பார்க்க விரும்புகிறவர்களுக்கு: நான் சொன்ன அருங்காட்சியகங்கள் பலவும் தங்கள் படங்களை இணையத்தில் பெரிதாக்கிப் பார்க்கும்படி வைத்திருக்கின்றன. இந்தியாவில் தில்லி தேசிய அருங்காட்சியகம், ஹைதராபாத் சாலார் ஜங், ராம்பூர் ரஸா நூலகம், பாட்னா குதா பக்‌ஷ் நூலகம் ஆகியவற்றில் முகலாயப் பாணித் தொகுப்புகள் உண்டு. ஓரத்தில் இருக்கும் பெயரை உடனே நம்பிவிடாதீர்கள். பல பெயர்கள் பிற்கால உரிமையாளர்கள் எழுதியவை. வெள்ளைத் தாடி உள்ள எவரும் மியான் மீர் ஆகிவிடுவார். முதலில் யார் யாரைப் பார்க்கிறார்கள் என்று பாருங்கள். அரசன் இருந்தால் அவன் எந்த உயரத்தில் உட்கார்ந்திருக்கிறான் என்று பாருங்கள். பெயரைக் கடைசியில் படிக்கலாம்.

ஜஹானாரா 1681-இல் இறந்தார். தில்லியில் நிஜாமுத்தீன் தர்கா வளாகத்தில், மேலே கூரையில்லாத, நடுவில் புல் வளரும் கல்லறை அவருடையது. தலைமாட்டுக் கல்லில், என் கல்லறையைப் புல்லைத் தவிர வேறு எதுவும் மூட வேண்டாம் என்ற பொருளில் அவருடைய பாரசீக வரி. அந்த வரியின் கீழ் தம்மை அவர் சிஷ்தி ஞானிகளின் முரீது என்று குறித்துக்கொண்டிருக்கிறார். தம்பியின் ஓவியர் எழுதித் தந்த முல்லா ஷாவின் முகம் அதற்குள் நாற்பது ஆண்டுப் பழசாகியிருக்கும்.